பாட்டி போட்ட கேஸ்

ஒரே ஒரு வாக்கியம். அதற்கு விலை ஐம்பது லட்சம் டாலர்!

அன்றைய ரேட்டுக்கு நம் ரூபாயில் சுமார் 36 கோடி. 'எடு பணத்தை' என்று 2021 செப்டம்பரில் அமெரிக்க கோர்ட்டில் கேஸ் போட்டவர் சினிமா நட்சத்திரமோ, அரசியல்வாதியோ அல்ல. 80 வயதுப் பாட்டி. ஊர், ஜார்ஜியா. அமெரிக்காவில் இருக்கிற ஜார்ஜியா இல்லை; கருங்கடல் ஓரத்தில், ஒரு காலத்தில் சோவியத் யூனியனில் சேர்ந்திருந்த ஜார்ஜியா. பெயர், நோனா கப்ரிந்தஷ்விலி. (ஒருதரம் சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். பாதி வழியில் மூச்சு முட்டினால் 'நோனா' என்று நிறுத்திக் கொள்ளலாம். செஸ் உலகமே அப்படித்தான் கூப்பிடுகிறது.)

எதிராளி யார் தெரியுமோ? நெட்ஃப்ளிக்ஸ் கம்பெனி.

2020 அக்டோபரில் வந்ததே 'தி குவீன்ஸ் கேம்பிட்' என்று ஒரு ஸீரியல், ஞாபகம் இருக்கிறதா? லாக்டவுன் சமயம். வீட்டில் அடைந்து கிடந்த ஜனங்கள் விழுந்து விழுந்து பார்த்தார்கள். முதல் 28 நாளில் மட்டும் 6 கோடியே 20 லட்சம் வீடுகள் என்று கம்பெனியே கணக்குச் சொன்னது. பெத் ஹார்மன் என்கிற அநாதைப் பெண், செஸ் கற்றுக்கொண்டு, ஆண்களை வரிசையாக மண்ணைக் கவ்வ வைத்து, கடைசியில் மாஸ்கோவுக்கே போய் ஜெயிக்கிற கதை. கற்பனைதான். ஆனால் பார்த்த பெண்களெல்லாம் கடைக்குப் போய் செஸ் போர்டு கேட்டார்கள். நல்ல விஷயம்.

வம்பு வந்தது கடைசி எபிசோடில். 1968, மாஸ்கோ. பெத் ஆடிக் கொண்டிருக்கிறாள். வர்ணனையாளர் ஒருவர் பேசுகிறார். இந்தப் பெண்ணிடம் விசேஷம் என்று ஒன்று உண்டென்றால் அவள் பெண் என்பதுதான்; அதுவும்கூட ரஷ்யாவில் புதுசு இல்லை; நோனா கப்ரிந்தஷ்விலி இருக்கிறாரே, ஆனால் அவர் பெண்கள் உலக சாம்பியன், ஆண்களோடு மோதியதே கிடையாது... இந்தத் தினுசில் போகிறது பேச்சு. காமிரா கூட்டத்தில் உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்மணியைக் காட்டிவிட்டு நகர்ந்து விடுகிறது.

சில விநாடிகள்தான். காபி எடுத்து வர எழுந்து போயிருந்தால் தவற விட்டிருப்பீர்கள். ஆனால் உலகம் பூராவும் எத்தனையோ பேர் காதில் 'நோனா' என்ற பெயர் முதன்முதலாக விழுந்ததே அந்த விநாடிகளில்தான். விழும்போதே, 'ஆண்களோடு ஆடாதவர்' என்ற முத்திரையோடு!

வாஸ்தவம் என்ன? கொஞ்சம் பின்னால் போகலாம்.

* * *

1941 மே 3-ம் தேதி ஜார்ஜியாவின் மேற்கில் ஸுக்டிடி என்ற ஊரில் நோனா பிறந்தார். வீட்டில் ஆறு குழந்தைகள். ஐந்து பையன்கள், ஒரே ஒரு பெண். அண்ணன் தம்பிகளோடு பந்து விளையாடினார், சண்டை போட்டார், செஸ்ஸும் ஆடினார். ஆக, நோனா தன் முதல் ஆண் எதிராளியைச் சந்தித்தது சொந்த வீட்டுக் கூடத்தில், ஐந்தாறு வயசில்!

ஜார்ஜியாவில் ஒரு பழைய சம்பிரதாயம் சொல்வார்கள். கல்யாணப் பெண்ணின் சீர்வரிசையில் செஸ் போர்டும் வைப்பார்களாம். நம்மூரில் வெண்கலப் பானை, குத்துவிளக்கு வைக்கிற மாதிரி. மாப்பிள்ளை முதல் ராத்திரியே 'செக்' வாங்கினால் அதற்கு மாமனார் பொறுப்பல்ல. எப்படியோ, பெண் பிள்ளை செஸ் ஆடினால் முகம் சுளிக்காத ஊர்.

12 வயசு வாக்கில் நோனாவின் ஆட்டம் வாக்தாங் கர்செலாட்ஸே என்ற பயிற்சியாளர் கண்ணில் பட்டது. 'பெண்ணைத் தலைநகருக்கு அனுப்புங்கள்' என்று பெற்றோரிடம் சொன்னார். அனுப்பினார்கள். டிபிலிசியில் அத்தை வீட்டில் தங்கிக்கொண்டு, அவரிடம் செஸ் கற்றுக் கொண்டார்.

அந்தக் காலத்தில் பெண்கள் செஸ்ஸின் கதி என்ன என்று தெரிந்தால்தான் அடுத்தது புரியும்.

பெண்களுக்கான உலகப் பட்டம் 1927-ல் ஆரம்பித்தது. முதல் சாம்பியன் வேரா மென்சிக். 1929-ல் கார்ல்ஸ்பாட் நகரத்தில் பெரிய பெரிய ஆண் ஆட்டக்காரர்கள் கூடிய போட்டியில் அவரையும் சேர்த்தார்கள். ஆல்பர்ட் பெக்கர் என்ற வியன்னாக்காரர் நக்கலாக ஒரு யோசனை சொன்னார். 'இந்தப் பெண்ணிடம் தோற்கிறவர்களை வைத்து வேரா மென்சிக் கிளப் என்று ஒன்று ஆரம்பிக்கலாம்!' எல்லாரும் சிரித்தார்கள். கிளப்பும் ஆரம்பமானது. முதல் மெம்பர் யார்? பெக்கரேதான்! வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது என்பது இதுதான். பிற்பாடு உலக சாம்பியனான மாக்ஸ் யூவேகூட அந்த கிளப்பில் சேர வேண்டி வந்தது.

1944-ல் லண்டனில் ஜெர்மன் குண்டு விழுந்து வேரா மென்சிக் இறந்து போனார். யுத்தம் முடிந்த பிறகு பட்டம் சோவியத் பெண்களின் கைக்கு வந்தது. ருடென்கோ, பிகோவா, ருப்த்சோவா என்று அவர்களுக்குள்ளேயே சுற்றிக் கொண்டிருந்தது.

1962-ல் அந்தக் கூட்டத்துக்குள் நுழைந்தார் 21 வயசு நோனா. எலிசவேத்தா பிகோவாவோடு பட்டத்துக்கான மாட்ச். மொத்தம் 11 ஆட்டம். நோனாவுக்கு 7 வெற்றி, 4 டிரா, தோல்வி பூஜ்யம். 9-2 என்று முடிந்தது. இதை மாட்ச் என்று சொல்வதைவிட சார்ஜ் ஹாண்ட் ஓவர் என்று சொல்லலாம்.

அந்தப் பட்டத்தை 16 வருஷம் கையைவிட்டுப் போகாமல் வைத்திருந்தார். அல்லா குஷ்னிர் என்ற பெண்மணி 1965, 1969, 1972 என்று மூன்று தடவை வந்து மோதிப் பார்த்தார். மூன்றாவது தடவை 8½-7½. ஒரே ஒரு பாயிண்ட் வித்தியாசம். நூலிழை. ஆனாலும் பட்டம் நோனாவிடமே. நடுநடுவே ஒலிம்பியாட் வேறு. 1972, 1974 இரண்டிலும் எலிசபெத்தா பொலிஹ்ரோனியாடே போன்ற கெட்டிக்காரிகளைக் கொண்ட ருமேனிய அணி விரட்டிக்கொண்டு வந்தது. இரண்டாம் இடத்தோடு நின்று போனது.

* * *

'எல்லாம் சரி ஸார், இதெல்லாம் பெண்களோடு ஆடியதுதானே? ஸீரியல்காரன் சொன்னதில் என்ன தப்பு?'

வருகிறேன்.

1960-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பாபி ஃபிஷர் ஒரு சவடால் விட்டார். உலகத்தில் எந்தப் பெண்ணாக இருந்தாலும் ஒரு குதிரையை முதலிலேயே விட்டுக் கொடுத்துவிட்டு ஆடி ஜெயிப்பேன் என்று! அப்போது உலக சாம்பியன் பட்டம் வைத்திருந்து இழந்திருந்த மிகயில் தால் இதைக் கேட்டுவிட்டுச் சொன்ன பதில் செஸ் உலகத்தில் ரொம்பப் பிரசித்தம். 'ஃபிஷர் ஃபிஷர்தான். ஆனால் குதிரை குதிரைதான்!'

ஃபிஷர் குதிரையை விட்டுக் கொடுக்க வரவில்லை. நோனாவும் காத்திருக்கவில்லை. இங்கிலாந்தில் ஹேஸ்டிங்ஸ் என்ற கடலோர ஊரில் வருஷக் கடைசிக் குளிரில் ஒரு பழம்பெரும் செஸ் போட்டி நடக்கும். 1963-64ல் அதன் சேலஞ்சர்ஸ் பிரிவில் ஆடி முதல் பரிசை வாங்கினார். அடுத்த வருஷம் மேல் பிரிவான பிரீமியரில் இடம். அங்கே எதிரே உட்கார்ந்தவர்கள் கெரஸ், கிளிகோரிச் போன்ற மலைகள்.

பிற்பாடு கோர்ட்டில் கொடுத்த மனுவில் இதையெல்லாம் எண்ணியே எழுதியிருந்தார். ஸீரியல் கதை நடக்கிற 1968-க்குள் குறைந்தது 59 ஆண்களோடு ஆடியாயிற்று. அதில் 28 பேரோடு ஒரே நேரத்தில்! வட்டமாக 28 போர்டுகள்; ஒவ்வொன்றிலும் ஓர் ஆண் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்; நோனா நடந்துகொண்டே காய் நகர்த்திப் போவார். நாமெல்லாம் ஒரே சமயத்தில் இரண்டு ஃபைல் பார்த்தாலே மேலதிகாரியிடம் ஓவர்டைம் கேட்கிற ஜாதி.

உச்சம் 1977-ல். கலிபோர்னியாவில் லோன் பைன் என்று ஒரு மலையடிவாரச் சின்ன ஊர். லூயிஸ் ஸ்டாதம் என்ற பணக்கார என்ஜினியர், செஸ் மேல் இருந்த ஆசையால் வருஷா வருஷம் சொந்தக் காசில் அங்கே பெரிய போட்டி நடத்துவார். கிராண்ட்மாஸ்டர்கள் திரண்டு வருவார்கள். 35 வயசு நோனாவும் போனார். 9 ரவுண்டில் 6½ பாயிண்ட். பலஷோவ், பன்னோ, சகோவிச் என்ற மூன்று ஆண்களோடு சேர்ந்து முதல் இடம்!

அந்த ஆட்டத்தைப் பார்த்த பிறகு உலக செஸ் சம்மேளனத்துக்கு வேறு வழி இல்லை. விதிப்படி வேண்டிய ஆட்டங்களின் எண்ணிக்கையில் துளி குறைந்தது. பரவாயில்லை என்று 1978-ல் 'கிராண்ட்மாஸ்டர்' பட்டம் கொடுத்தார்கள். கவனியுங்கள், 'பெண்கள் கிராண்ட்மாஸ்டர்' என்று தனியாக ஒரு பட்டம் உண்டு. இது அது அல்ல. தால், ஸ்பாஸ்கி, ஃபிஷர் வைத்திருந்த அதே பட்டம். உலகத்தில் அதை வாங்கிய முதல் பெண் நோனா.

விதியின் விளையாட்டைப் பாருங்கள். அதே 1978-ல்தான் பெண்கள் உலகப் பட்டம் கைவிட்டுப் போனது. ஜெயித்தது 17 வயசு மாயா சிபுர்தானிட்ஸே. அந்தப் பெண்ணும் ஜார்ஜியாக்காரிதான்! நோனாவைப் பார்த்து ஆட வந்த தலைமுறை. டிபிலிசியில் 1973-ல் கட்டிய செஸ் மாளிகைக்கு நோனா பெயர். பிறந்த பெண் குழந்தைகளுக்கு நோனா பெயர். 1962-ல் நோனா பிடித்த பட்டம், மாயா 1991-ல் தோற்கிற வரை, 29 வருஷம் ஜார்ஜியாவைவிட்டு வெளியே போகவே இல்லை.

பட்டம் போனதும் நோனா வீட்டில் உட்கார்ந்து ஸ்வெட்டர் பின்னவில்லை. 1986-ல் துபாய் ஒலிம்பியாட். வயசு 45. ஆடியது 10, ஜெயித்தது 10. 2019-ல் ருமேனியத் தலைநகர் புக்கரெஸ்டில் முதியோர் உலக சாம்பியன்ஷிப். வயசு 78. பட்டத்தோடு வீடு திரும்பினார்.

* * *

இப்போது மறுபடி அந்த வாக்கியத்துக்கு வாருங்கள்.

'ஆண்களோடு மோதியதே இல்லை.'

பாட்டிக்குக் கோபம் வருமா, வராதா?

இதில் இன்னொரு கூத்து. ஸீரியலுக்கு ஆதாரம் வால்டர் டெவிஸ் 1983-ல் எழுதிய நாவல். அதே மாஸ்கோ காட்சி நாவலிலும் வருகிறது. அங்கேயும் நோனா பெயர் இருக்கிறது. ஆனால் அதில் டெவிஸ் எழுதியது, நோனா இந்த ரஷ்ய கிராண்ட்மாஸ்டர்களையெல்லாம் ஏற்கெனவே பல தடவை சந்தித்தவர் என்று! அதாவது புஸ்தகத்தில் சரியாக இருந்ததை ஸீரியலில் தலைகீழாக்கியிருக்கிறார்கள். ஆலோசகர்களாக காஸ்பரோவும் புரூஸ் பண்டோல்ஃபினியும் இருந்த ஸீரியலில்!

ஏன் மாற்றினார்கள்? மனுவில் நோனா தரப்பு சொன்ன காரணம், கதாநாயகியை உயர்த்திக் காட்டுவதற்கு. பெத் செய்வது இதுவரை எந்தப் பெண்ணும் செய்யாத சாதனையாகத் தெரிய வேண்டும். அதற்கு, ஏற்கெனவே செய்த ஒருத்தி இடைஞ்சல். கற்பனைப் பெண் மேலே ஏற நிஜப் பெண்ணை ஏணியாக்கி விட்டார்கள். போதாக்குறைக்கு ஜார்ஜியாக்காரியை ரஷ்யக்காரி என்று வேறு சொல்லிவிட்டார்கள். ஒரு மலையாளியைப் பார்த்து 'நீங்க மதராஸி தானே?' என்று டெல்லிக்காரர் கேட்கும்போது அவர் முகம் போகிற போக்கை நினைத்துக் கொள்ளுங்கள்.

நெட்ஃப்ளிக்ஸ் தரப்பு, நோனா மேல் எங்களுக்கு ரொம்ப மரியாதை, ஆனால் வழக்கில் சாரமில்லை என்றது. கோர்ட்டில் அவர்கள் வாதம், இது கற்பனைக் கதை, கதையில் வருவதை யார் நிஜம் என்று எடுத்துக் கொள்வார்கள்?

லாஸ் ஏஞ்சலீஸ் ஃபெடரல் கோர்ட் நீதிபதி வர்ஜீனியா ஃபிலிப்ஸ் 2022 ஜனவரியில் கொடுத்த உத்தரவு அந்த வாதத்தை ஏற்கவில்லை. கற்பனைப் படைப்பு என்பதற்காக மட்டும், நிஜ மனிதரைப் பற்றிச் சொன்ன பொய்க்கு விலக்குக் கிடைத்து விடாது. கேஸ் நடக்கட்டும் என்று சொல்லி விட்டார். அதே வருஷம் செப்டம்பரில் இரண்டு தரப்பும் சமரசமாகப் போனார்கள். எவ்வளவுக்கு முடிந்தது? வெளியே சொல்லவில்லை. அந்தத் தொகை 'சஸ்பென்ஸ் அக்கவுண்ட்'டில்தான் நிற்கிறது.

* * *

'80 வயசில் இந்த வீம்பு எதுக்கு? பேரன் பேத்தியோடு இருந்துவிட்டுப் போகலாமே' என்று தோன்றும். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

ஆபீஸில் இருக்கிறவர்களுக்கு இது புரியும். நீங்கள் மூன்று வருஷம் ராப்பகலாக உழைத்து முடித்த வேலை. மீட்டிங்கில் ஒருவர் சாவகாசமாக, 'அவருக்கு அந்த லைனில் அனுபவம் கிடையாதே' என்கிறார். கெட்ட எண்ணம்கூட இருக்காது. பேச்சு வாக்கில் சொல்கிறார். மேலே இருப்பவர் அதைக் குறித்துக் கொள்கிறார். அவ்வளவுதான், கதை முடிந்தது. அடுத்த வருஷம் பிரமோஷன் லிஸ்ட் வரும்போது அந்தக் குறிப்புதான் பேசும். உங்கள் மூன்று வருஷம் பேசாது. நீங்களோ, 'சின்ன விஷயம், எதற்கு வம்பு' என்று டிபன் பாக்ஸைத் திறந்து தயிர் சாதத்தைப் பிசைந்து கொண்டிருப்பீர்கள்.

காமர்ஸ் படித்த எல்லாருக்கும் முதல் வருஷமே ஒன்று சொல்லித் தருவார்கள். கணக்குப் புஸ்தகத்தில் தப்பான என்ட்ரி விழுந்துவிட்டால் ரப்பர் போட்டு அழிக்கக் கூடாது. கண்டுகொள்ளாமலும் விடக்கூடாது. அதைச் சரி செய்து இன்னொரு என்ட்ரி போட வேண்டும். 'ரெக்டிஃபிகேஷன் என்ட்ரி' என்று பெயர். நோனா போட்டது அதுதான். 59 என்று இருக்க வேண்டிய இடத்தில் யாரோ பூஜ்யம் எழுதி, அதை 6 கோடி வீட்டுக்கு அனுப்பி விட்டார்கள். சரியான எண்ணை அவர் கோர்ட் ரிக்கார்டில் ஏற்றினார். 1962-லேயே கணக்கு வைத்திருந்த மனுஷி. 2021-ல் தப்பு என்ட்ரியை எப்படி விடுவார்?

அந்தப் பூஜ்யத்தால் நஷ்டம் நோனாவுக்கு மட்டும் இல்லை என்பதையும் பார்க்க வேண்டும். 'முன்னால் யாரும் செய்யவில்லை' என்று நம்பி வளர்கிற பெண் பயந்துகொண்டே ஆட வருவாள். 'முன்னாலேயே ஒருத்தி செய்துவிட்டாள்' என்று தெரிந்து வருகிற பெண்ணின் நடையே வேறு.

* * *

முடிப்பதற்கு முன்னால் நம்மூர் விஷயம் ஒன்று. கொஞ்சம் சங்கடமான விஷயம்.

செஸ் ஒலிம்பியாடில் நோனா பெயரில் ஒரு கோப்பை உண்டு. 1997-ல் ஏற்படுத்தினார்கள். ஆண்கள் அணி, பெண்கள் அணி இரண்டின் நிலையையும் கூட்டிப் பார்த்து எந்த நாடு முதலில் வருகிறதோ அதற்கு. ஆண்கள் மட்டும் கொடி பறக்கவிட்டால் போதாது. பெண்களும் ஆட வேண்டும். நோனா பெயருக்கு இதைவிடப் பொருத்தமான கோப்பை கிடையாது.

2022-ல் நம் மாமல்லபுரத்தில், வேஷ்டி கட்டின 'தம்பி' குதிரை வரவேற்க நடந்ததே ஒலிம்பியாட், அதில் இந்தக் கோப்பையை வாங்கியது இந்தியா. பலே!

2024-ல் புடாபெஸ்டில் அடுத்த ஒலிம்பியாட். கோப்பையைத் திருப்பி எடுத்துப் போக வேண்டும். தேடினார்கள். ஆபீஸில் தேடினார்கள், அங்கே தேடினார்கள், இங்கே கேட்டார்கள்... காணோம்! கடைசியில் அதே மாதிரி இன்னொன்று செய்ய ஏற்பாடு பண்ணியதாகப் பேப்பரில் செய்தி. ஸீரியல்காரர்கள் நோனாவின் ஆட்டத்தைத் தொலைத்தார்கள் என்றால் நாம் கோப்பையையே தொலைத்து விட்டோம்.

நல்லவேளை, ஆடுகிறவர்கள் மானத்தைக் காப்பாற்றினார்கள். புடாபெஸ்டில் ஆண்கள் அணிக்கும் தங்கம், பெண்கள் அணிக்கும் தங்கம். ஆக, நோனா கோப்பை மறுபடியும் நமக்கே! அடுத்த வருஷம், 2025 ஜூலையில், நாக்பூர்ப் பெண் திவ்யா தேஷ்முக் பெண்கள் உலகக் கோப்பையை ஜெயித்து, ஹம்பி, ஹரிகா, நம் வைஷாலிக்கு அடுத்தபடியாக கிராண்ட்மாஸ்டர் ஆன நாலாவது இந்தியப் பெண் ஆனார். அந்தப் போட்டி நடந்த ஊர் பட்டூமி. எந்த நாட்டில் இருக்கிறது என்கிறீர்கள்? ஜார்ஜியாவில்தான்!

புடாபெஸ்டிலிருந்து வந்த கோப்பையை எந்த பீரோவில், எந்தத் தட்டில் வைத்தோம் என்று இந்தத் தடவையாவது ஒரு ரிஜிஸ்டரில் எழுதி வைத்திருப்பார்கள் என்று நம்புவோம்.

எழுதி வைக்காவிட்டால் என்ன ஆகும் என்று சந்தேகமிருப்பவர்கள் டிபிலிசிப் பாட்டியைக் கேட்கலாம்.